அரை அங்குலத்துக்கு ஒரு ஓட்டை

உங்க பையில் பிரெட்போர்டு இருந்தால் வெளியே எடுங்க. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் 2.54 மில்லிமீட்டர். அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, இந்த இடைவெளி மாறாது. அதனால்தான் எவரோ எங்கோ செய்த ஐ.சி., வேறு எவரோ செய்த போர்டில் கச்சிதமா உட்காருது.

இப்போ மெக்கானிக்கல் பக்கம் வருவோம். சின்ன வயசில் உங்களுக்கோ உங்க அண்ணனுக்கோ யாராவது 'மெக்கானிக்ஸ்' செட் வாங்கித் தந்திருப்பாங்க. வரிசையாக ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், பொடிப்பொடி நட்டு போல்ட்டு, விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பேனர். அதை வைத்து லாரி, கிரேன், ஜீப் என்று செய்திருப்பீங்க. ஒரு நட்டைத் தொலைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தேடியும் இருப்பீங்க.

அந்த ஓட்டைகளுக்குப் பிறந்த வருஷம் உண்டு: 1901. ஊர், இங்கிலாந்தின் லிவர்பூல். ஆள், ஃபிராங்க் ஹார்ன்பி. அவர் இன்ஜினியரிங் படித்தவர் இல்லை. இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இன்று மாடல் கார், மாடல் லாரி செய்கிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு வகையில் அவருக்குக் கடன்பட்டவர்கள். அதே சமயம், அந்தச் 'செய்யும்' பழக்கத்தைப் பாதி காலி பண்ணியதும் அவருடைய கம்பெனிதான். இரண்டு கதையையும் சொல்றேன். தீர்ப்பு உங்களுடையது.

கணக்கு எழுதின அப்பா

ஹார்ன்பி பிறந்தது 1863 மே 15. அப்பா உணவுப்பொருள் வியாபாரி. பையன் 16 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு அப்பாவின் கடையிலேயே கேஷியராக உட்கார்ந்தார். 1887-இல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டார். ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு பையன்கள், பிறகு ஒரு பெண். 1899-இல் அப்பா இறந்ததும் கடையை மூட வேண்டியதாயிற்று. டேவிட் ஹியூ எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதி வியாபாரத்தில் கணக்கராகச் சேர்ந்தார். அப்போது வயது 36. பெரிய சொத்து இல்லை, பட்டம் இல்லை, நம்ம பாஷையில் சொன்னால் 'செட்டில்' ஆகாத ஆள்.

ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வேறு மனுஷன். வீட்டிலேயே சின்னப் பட்டறை வைத்திருந்தார். தகட்டை வெட்டி மகன்களுக்குப் பாலம், கிரேன், லாரி என்று பொம்மைகள் செய்து கொடுப்பார். இதுவரை இதில் புதுசு எதுவும் இல்லை. கைவேலை தெரிந்த எந்த அப்பாவும் செய்யக்கூடியதுதான்.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? ஒவ்வொரு பொம்மைக்கும் ஒவ்வொரு துண்டையும் புதுசாக வெட்ட வேண்டியிருந்தது. பாலத்துக்கு வெட்டியது கிரேனுக்கு ஆகாது. கிரேனுக்கு வெட்டியது லாரிக்கு ஆகாது. பையன்கள் புதுசு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பாவுக்கோ பகலெல்லாம் ஆபீஸ். இந்த இடத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு ரயில் பயணத்தில் ஜன்னல் வழியாகக் கிரேன் ஒன்றைப் பார்த்தபோது வந்தது என்பது பின்னாளில் அவர் தரப்பிலிருந்தே சொல்லப்பட்ட கதை. எங்கே வந்ததோ, யோசனை இதுதான்: துண்டுகள் எல்லாம் ஒரே அகலம், அரை அங்குலம். எல்லாத் துண்டிலும் ஒரே அளவு ஓட்டை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் அதே அரை அங்குலம். அவ்வளவுதான்.

படிக்கும்போது சப்பென்று இருக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்க. எல்லா இடைவெளியும் ஒன்று என்றால் எந்தத் துண்டையும் எந்தத் துண்டோடும் முடுக்கலாம். இன்றைக்குப் பாலமாக இருந்தது நாளைக்குக் கழன்று கிரேனாகும், அதற்கடுத்த நாள் லாரியாகும். ஒரே பட்டை ஒரு மாடலில் தூணாகவும் இன்னொன்றில் சேசிஸாகவும் இருக்கும். ஓட்டைக்குள் ஒரு கம்பியைச் செருகினால் அதே ஓட்டை பேரிங்காகவும் வேலை செய்யும். அதாவது அவர் கண்டுபிடித்தது பொம்மை இல்லை, பொம்மைகளுக்கான ஓர் இலக்கணம். எழுத்துகள் கொஞ்சம்தான், அதை வைத்து எழுதக்கூடிய வாக்கியங்களுக்குக் கணக்கே இல்லை.

5 பவுண்டு கடன்

யோசனை இருந்தது, பேட்டன்ட் எடுக்கக் கையில் காசு இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கினார். 1901 ஜனவரியில் விண்ணப்பம் போட்டார். அதில் தன் கண்டுபிடிப்பை, குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்குமான விளையாட்டு அல்லது கல்விச் சாதனங்களில் ஒரு மேம்பாடு என்று விவரித்திருந்தார். 'கல்வி' என்ற சொல் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்ததைக் கவனிங்க.

பேட்டன்ட் கிடைத்ததும் தயாரிப்பாளர்கள் ஓடி வரவில்லை. அவர் காட்டிய மாதிரிகள் கையால் செய்தவை, ஃபினிஷிங் மோசம். பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் கைகொடுத்தது அதே முதலாளி எலியட்தான். ஆபீஸுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தை ஒதுக்கித் தந்தார், கூட்டாளியாகவும் சேர்ந்தார்.

ஹார்ன்பி இன்னொரு நல்ல வேலையும் செய்தார். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறைத் தலைவரைத் தேடிப்போய்த் தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பாராட்டுக் கடிதம் வாங்கினார். அந்தப் பேராசிரியர் யார் தெரியுமா? ஹென்றி செல்பி ஹீலி-ஷா. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நெருக்கமான இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவம் ஓடுவதைப் படிக்கும்போது வருமே 'ஹீலி-ஷா ஃப்ளோ', அந்த ஹீலி-ஷாவேதான். ஒரு கணக்கரின் பொம்மையைப் பார்த்து, இது பாடம் என்று புரிந்துகொண்ட முதல் இன்ஜினியரிங் பேராசிரியர்களில் அவரும் ஒருவர்.

1902-இல் 'மெக்கானிக்ஸ் மேட் ஈஸி' என்ற பெயரில் செட் கடைக்கு வந்தது. உள்ளே 16 வகை உதிரிகள், 12 மாடல் செய்வதற்கான துண்டுக் காகிதம். 1903-இல் 1,500 செட் விற்றது. லாபம்? பூஜ்யம். முதல் சின்ன லாபத்தைக் கண்ணில் பார்க்க 1906 ஆகிவிட்டது. ஐந்து வருஷம்! ஸ்டார்ட்-அப் ஆரம்பித்து ஆறே மாசத்தில் மூடிவிடும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

1907-இல் இன்னொரு சிக்கல், இது நல்ல சிக்கல். வெளியில் உதிரி செய்து கொடுத்தவர்களால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஹார்ன்பி வேலையை விட்டார், கடன் வாங்கினார், லிவர்பூலின் டியூக் தெருவில் ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்துத் தானே உதிரிகள் செய்யத் தொடங்கினார். அதே வருஷம் செப்டம்பரில் 'மெக்கானோ' என்ற பெயரைப் பதிவு செய்தார். 1908-இல் மெக்கானோ லிமிடெட் பிறந்தது. எலியட் அந்தக் கம்பெனியில் சேரவில்லை. 5 பவுண்டு கொடுத்து ஆரம்பித்து வைத்தவர், கதை சூடுபிடிக்கும் இடத்தில் இறங்கிப் போய்விட்டார். 1912-இல் பாரிஸில் கிளை, 1914-இல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை. அடுத்த 60 சொச்சம் வருஷத்துக்கு அதுதான் தலைமையகம்.

ஒரு லாரி என்ன கற்றுக்கொடுக்கும்?

மெக்கானோவில் செய்ய முடிந்ததில் மோட்டார் சேசிஸ் மாடலுக்குத் தனி மவுசு. அதில் கிளட்ச் உண்டு, ரிவர்ஸ் உள்ள கியர்பாக்ஸ் உண்டு, ஸ்டீயரிங் உண்டு, பின் ஆக்ஸிலில் டிஃபரென்ஷியல் உண்டு. எல்லாம் நிஜமாகவே வேலை செய்யும். மேலே பாடி கிடையாது, பெயின்ட் கிடையாது. பார்க்க லாரியின் எலும்புக்கூடு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு லாரி எப்படி ஓடுகிறது என்பது அந்த எலும்புக்கூட்டில்தானே இருக்கு?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, டிரான்ஸ்மிஷன் டிசைன் பேப்பரில் வருவதைவிட ரொம்ப எளிது. மெக்கானோ கியர்களின் டயமெட்ரல் பிட்ச் 38. அதில் 57 பல் கியர் ஒன்று உண்டு, 19 பல் பினியன் ஒன்று உண்டு. இரண்டும் கடித்து ஓட, மையத்துக்கு மையம் எவ்வளவு தூரம் வேண்டும்? பற்களின் கூட்டுத்தொகை 76. அதை இரண்டு மடங்கு பிட்ச்சால், அதாவது 76-ஆல் வகுத்தால் சரியாக 1 அங்குலம். 1 அங்குலம் என்றால் இரண்டு ஓட்டை இடைவெளி! அதாவது ஒரு பையன் எதையும் அளக்காமல், ஓட்டையை மட்டும் எண்ணி இரண்டு கம்பியைச் செருகினால் 3-க்கு 1 என்ற வேகக் குறைப்பு தானாகக் கிடைத்துவிடும். அந்தக் கணக்கை யாரோ முன்கூட்டியே போட்டு ஓட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். 50 பல் கியரும் 25 பல் பினியனும் அதே இரண்டு ஓட்டை தூரத்தில் கொஞ்சம் லூஸாகக் கடிக்கும், அது 2-க்கு 1. கியர்பாக்ஸ் ஏன் சாத்தியமாச்சு என்பது இப்போ புரிஞ்சிருக்கும்.

டிஃபரென்ஷியலை எடுத்துக்கோங்க. லாரி திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள் சக்கரம் குறைவாக. கிளாஸில் இதற்குப் படம் போடுவாங்க, அம்புக்குறி போடுவாங்க, நாமும் தலையாட்டுவோம். மாடல் செய்தவனுக்குப் படம் தேவையில்லை. சேசிஸைத் தூக்கிப் பிடித்து, கிராங்கைச் சுற்றிக்கொண்டே ஒரு பின் சக்கரத்தை விரலால் நிறுத்தினால், மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். விரலில் பட்ட அந்த விஷயம் அரியர் வைத்தாலும் மறக்காது.

செட்டுகளை விற்ற விதத்திலும் ஒரு மூளை வேலை இருந்தது. 1-ஆம் நம்பர் செட் இருந்தால், '1ஏ' என்ற துணைப் பெட்டி வாங்கினால் போதும், அது 2-ஆம் நம்பர் செட்டாகிவிடும். பழையதைத் தூக்கிப்போட வேண்டாம். பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே போகலாம். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய மாடல்களுக்குப் பெரிய செட் வேண்டும், உச்சத்தில் இருந்த செட் மரப்பெட்டியில் வரும், விலை எல்லார் வீட்டுக்கும் எட்டாது. கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு நின்றுபோன பையன்கள் எத்தனையோ பேர்.

'பையன்கள்' என்று நான் சொல்வது தற்செயல் இல்லை. பேட்டன்டில் குழந்தைகள் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் 1916-இல் தொடங்கிய மெக்கானோ மேகசின், 1919-இல் தொடங்கிய மெக்கானோ கில்டு, விளம்பரங்கள், பெட்டியின் மேல் படம் எல்லாமே பையன்களைப் பார்த்தே பேசின. பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் அந்த உதிரிகளைச் செய்து பெட்டியில் அடுக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1930-களின் நடுவில் அதே கம்பெனி பெண் குழந்தைகளை நினைத்துச் செய்த பொருள் பொம்மை வீடும் அதற்கான நாற்காலி மேசையும். நம்ம ஒர்க்‌ஷாப் லேபில் லேத் பிடிக்கும் தோழிகள் இதைப் படித்துச் சிரிக்கலாம், கோபமும் படலாம். இரண்டுமே நியாயம்தான்.

லாரியின் பின் ஆக்ஸில் கணக்குப் போட்டபோது

இனி சொல்லப்போவதைப் பொம்மைக் கதை என்று யாரும் சொல்ல முடியாது.

1933-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீ அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனார். அங்கே வானவர் புஷ் செய்திருந்த டிஃபரென்ஷியல் அனலைசரைப் பார்த்தார். மின்னணுக் கணினி வராத காலம் அது. தண்டுகளும் சக்கரங்களும் சுற்றிச் சுற்றியே வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு விடை வரையும் ராட்சத இயந்திரம். ஹார்ட்ரீக்கு அணுக்களின் அமைப்பைக் கணக்கிட இப்படி ஒன்று தேவை. செய்யவோ ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும். ஊருக்குத் திரும்பியதும், தத்துவம் வேலை செய்யுமா என்று பார்க்க மெக்கானோவிலேயே ஒன்றைக் கட்டிப் பார்ப்போம் என்று தன் மாணவர் ஆர்தர் போர்ட்டரோடு இறங்கினார். 1934-இல் அது ஓடியது. பெரும்பகுதி பொம்மைக் கடை உதிரிகள். செலவு ஏறக்குறைய 20 பவுண்டு. வேடிக்கைக்குக் காட்டும் மாடலாக நிற்காமல், நிஜமான ஆராய்ச்சிக் கணக்குகளுக்கே அதைப் பயன்படுத்தினார்கள். அந்த நம்பிக்கையில்தான் மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் நிறுவனம் அடுத்த வருஷம் முழு அளவு இயந்திரத்தைக் கட்டியது. கேம்பிரிட்ஜிலும் ஒரு மெக்கானோ அனலைசர் கட்டினார்கள். அது பின்னாளில் நியூசிலாந்துக்குப் போய், இன்று ஆக்லாந்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த இயந்திரத்தில் இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? டிஃபரென்ஷியல் கியரைப் போடுவார்கள். லாரியின் பின் ஆக்ஸிலில் இருக்கும் அதே அமைப்புதான். இடது சக்கரத்தின் சுழற்சியையும் வலது சக்கரத்தின் சுழற்சியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிரவுன் வீலின் சுழற்சி. லாரியில் அது எஞ்சின் பக்கமிருந்து சக்கரங்களுக்குப் போகிறது. அனலைசரில் திருப்பிப் போட்டால் கூட்டல் கணக்கு. ஒரு சிறுவன் பொம்மை லாரிக்காக முடுக்கிய கியர்கள் அணுவின் கணக்கைப் போட்டன. அப்போது ஹார்ன்பி உயிரோடுதான் இருந்தார், வயது 71.

செய்யும் கார், செய்து வைத்த கார்

இனி இரண்டாவது கதை.

முதல் உலகப் போருக்கு முன்னால் இங்கிலாந்துக் கடைகளில் உலோகப் பொம்மை என்றால் அது பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்ததுதான். போர் அந்த வரத்தை நிறுத்தியது. அந்த இடத்தைப் பிடிக்க 1920-இல் ஹார்ன்பி தன் பெயரிலேயே சாவி கொடுத்து ஓடும் ரயில்களை இறக்கினார். முதல் ரயில்களை மெக்கானோ மாதிரியே நட்டு போல்ட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டலாம். கொஞ்ச காலத்தில் அந்த நட்டு போல்ட்டுகள் மறைந்தன. தகட்டு நாக்கை மடித்துப் பூட்டிய ரயில்கள் வந்தன. செய்ய மலிவு, பார்க்க அழகு, கழற்ற முடியாது.

1930-களின் தொடக்கத்தில் மோட்டார் கார் கன்ஸ்ட்ரக்டர் என்று ஒரு செட் வந்தது. வர்ணம் பூசிய தகட்டு உதிரிகள், சாவி மோட்டார். நீங்களே முடுக்கி ஸ்போர்ட்ஸ் காராகவோ வேறு பாடியாகவோ மாற்றிக்கொள்ளலாம். பார்க்க அசல் கார் மாதிரியே இருக்கும், செம கெத்து. ஆனால் இதில் காரைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. பட்டையும் ஓட்டையும் தந்த சுதந்திரத்தில் பாதி போய், தோற்றத்தில் இரண்டு மடங்கு வந்தது. இன்றைய மாடல் கார் கிட்டுகளின் நெருங்கிய மூதாதை இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்த படி 1933 டிசம்பர். ஹார்ன்பி ரயில்களின் பக்கத்தில் வைக்கக் குட்டி வண்டிகள் ஆறு கொண்ட ஒரு செட் வந்தது. அதில் இரண்டு கார், ஒரு லாரி, ஒரு டெலிவரி வேன், ஒரு டிராக்டர், ஒரு ராணுவ டாங்கி. அடுத்த வருஷமே இவற்றுக்குப் பெயர் மாறியது: டிங்கி டாய்ஸ். உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்த்த வண்டிகள். முடுக்க ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்தால் தரையில் ஓட்ட வேண்டியதுதான். இப்படி வார்ப்புக் கார் செய்வதை அமெரிக்காவின் டூட்ஸிடாய் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. டிங்கி வந்ததும் மெக்கானோவை வாங்க முடியாத வீட்டுப் பையனும் சில்லறைக் காசைச் சேர்த்து ஒரு கார் வாங்க முடிந்தது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

நீங்க மாடல் கார் சேகரிப்பவராக இருந்தால் 1:43 என்ற அளவைப் பார்த்திருப்பீங்க. ஏன் இந்த விசித்திர எண் என்று யோசித்ததுண்டா? பிரிட்டிஷ் ஓ-கேஜ் ரயில் மாடல்களில் 1 அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது வழக்கம். 1 அடி 304.8 மில்லிமீட்டர். 7-ஆல் வகுத்துப் பாருங்க, 43.5 வரும். ரயிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய கார் என்பதால் ரயிலின் அளவே காருக்கும் ஒட்டிக்கொண்டது. ஆரம்ப டிங்கிகள் அளவில் ரொம்பக் கறார் இல்லைதான். ஆனால் அந்த 43 என்ற எண் இன்றுவரை போகவில்லை.

மெட்டலர்ஜி நண்பர்களுக்கும் ஒரு துண்டு. டிங்கியில் பயன்படுத்தியது மஸாக் என்ற துத்தநாகக் கலவை. அதில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போச்சு. வருஷக்கணக்கில் உலோகத் துகள்களின் எல்லை வழியாக அரிப்பு நடந்து, வண்டி உப்பி, வெடிப்பு விட்டு, கடைசியில் கையிலேயே பொடியாக உதிரும். போருக்கு முந்தைய டிங்கிகள் பலவற்றின் கதி இதுதான். ஒரு வருஷம் கழித்து உடைந்தால் குறை தெரிந்திருக்கும். முப்பது வருஷம் கழித்து உடையும் குறையை எந்தத் தரச் சோதனையில் பிடிப்பது? மெக்கானோ எஃகுப் பட்டையோ துருவைத் துடைத்தால் இன்றும் வேலைக்கு ஆகும்.

பிறகு

1931-இல் ஹார்ன்பி லிவர்பூலின் எவர்ட்டன் தொகுதியிலிருந்து கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆனார். கம்பெனியின் அன்றாட வேலைகளை மற்ற இயக்குநர்கள் பார்த்துக்கொண்டார்கள். 1935 தேர்தலுக்கு முன் விலகினார். உடம்பு சரியில்லை, இருதயக் கோளாறு, கூடவே சர்க்கரை. 1936 செப்டம்பர் 21 அன்று 73 வயதில் இறந்தார். அப்போது அவர் கோடீஸ்வரர். மூத்த மகன் ரோலண்ட், எந்தப் பையனுக்காகத் தகடு வெட்ட ஆரம்பித்தாரோ அந்தப் பையனே, கம்பெனியின் தலைவரானார்.

அதன் பிறகு நடந்தது ஊரறிந்தது. 1964-இல் கம்பெனி கைமாறியது. கார்கி, மேட்ச்பாக்ஸ், 1968-இல் ஹாட் வீல்ஸ் என்று போட்டிக்கு மேல் போட்டி. பிளாஸ்டிக் கட்டைகள் வேறு. டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960-களின் பிற்பகுதியில் நம் நாட்டுக்கே, கல்கத்தாவுக்கு, வந்தன. நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் அவற்றிலிருந்து கார்கள் வார்க்கப்பட்டன. 1979-இல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை மூடப்பட்டது. மெக்கானோ என்ற பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி உயிரோடு இருந்தது. 1996-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஹாரி க்ரோட்டோ, தன்னை உருவாக்கியவற்றில் மெக்கானோவுக்குப் பெரிய இடம் தந்து பேசியிருக்கிறார். நட்டை எவ்வளவு இறுக்கினால் போதும், எங்கே நிறுத்தாவிட்டால் மரை போய்விடும் என்று விரல் படிக்கும் பாடம் வேறு எங்கும் கிடைக்காது என்பது அவர் சொன்னதன் சாரம்.

தீர்ப்பு

ஹார்ன்பி ஒரே ஆயுளில் இரண்டு கதவைத் திறந்தார். ஒன்றின் வழியே போனவர்கள் காரைச் செய்தார்கள். இன்னொன்றின் வழியே போனவர்கள் காரை வாங்கினார்கள். இரண்டாவது கதவு அகலமானது, கூட்டம் அங்கேதான். அதைக் குற்றம் சொல்ல முடியாது. பணக்கார வீட்டு மரப்பெட்டியைவிட ஏழைப் பையன் சட்டைப்பையில் ஒரு டிங்கி லாரி இருந்தது நல்லதுதானே? ஆனால் அனலைசர் எந்தக் கதவு வழியாக வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஆயிரம் டிங்கியைக் கொட்டினாலும் ஒரு கூட்டல் கணக்குப் போட முடியாது.

இப்போ நம்ம கதை. மினி ப்ராஜெக்ட் வரும். ரெடிமேடாகச் செய்து, ரிப்போர்ட்டோடு சேர்த்து விற்கும் இடங்கள் எங்கே இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். வாங்கினால் மார்க் வரும். வைவாவில் சமாளித்துவிடலாம். அது டிங்கி. சக்கரம் சுத்தும், உள்ளே ஒன்றும் இல்லை. நாமே செய்தது அதைவிட அசிங்கமாக இருக்கும், டெமோ அன்று பாதியில் நிற்கும், எக்ஸ்டர்னல் முகம் சுளிப்பார். ஹார்ன்பியின் முதல் மாதிரிகளைப் பார்த்து முகம் சுளித்தவர்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கோங்க. எந்தப் பொருளை நாம் கழற்றித் திரும்பப் பூட்டியிருக்கிறோமோ அதைப் பற்றித்தான் இன்டர்வியூவில் தைரியமாகப் பேச முடியும்.

அதனால் இந்த செமஸ்டர் லீவில் ஒரு சின்ன வேலை. நான்கு பெவல் கியர், இரண்டு கம்பி, ஒரு பிளாஸ்டிக் டப்பா. வீட்டில் பழைய மெக்கானிக்ஸ் செட் இருந்தால் ரொம்ப நல்லது, இல்லாவிட்டால் உடைந்த ரிமோட் கார் ஒன்றைக் கழற்றினாலே கியர் கிடைக்கும். ஒரு லாரியின் பின் ஆக்ஸிலைச் செய்யுங்க. ஒரு சக்கரத்தை விரலால் பிடிங்க, மற்றதைப் பாருங்க. ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, படம் எடுத்து நம்ம இதழுக்கு அனுப்புங்க. ஓடாததையும் போடுவோம்.